சிவப்புக் கோடு போட்ட டயர்

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கிற நேரத்தில் எங்கள் மலையூர் அஸ்மாராவில் யாரும் வேறு வேலை பார்ப்பதில்லை. அடுப்பில் கொதிப்பதைக்கூட இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். லெத்தே அத்தை ஸ்வீடனிலிருந்து வந்து இறங்கிய வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. வாசலில் அவள் தலையில் சோளப்பொரி தூவி, குலவையிட்டு, அழுது, சிரித்து, மறுபடியும் ஒருமுறை அழுது முடித்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார்கள். சும்மா பார்க்கிறவர்கள் அவ்வளவு கிட்டத்தில் உட்கார்வதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

வீட்டுக்காரி ரஹ்வா மட்டும் சுவரோரமாக நின்றாள். அத்தையைப் பார்த்த சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், அவள் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. அதற்குள் அவளுக்கு ஒரு சைக்கிள் டயர் இருந்தது.

ரஹ்வா பந்தயக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலை அஸ்மாராவிலிருந்து நெஃபாசித் வரை மலை இறங்கி, அதே வழியில் ஏறித் திரும்பும் பந்தயம். நாட்டுக்காக ஓட்டப்போகும் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது; ஞாயிற்றுக்கிழமை முதலில் வருகிறவளுக்கு அந்த இடம். ரஹ்வாவுக்குக் காலில் குறையில்லை, மூச்சில் குறையில்லை. குறையெல்லாம் முன் சக்கரத்து டயரில்தான். போன வருடம் அதே இறக்கத்தில் ஒரு கூர்ங்கல் அதன் பக்கவாட்டைக் கிழித்து அவளைக் கீழே தள்ளியது. அவளுடைய கணவன் முசே அதை மீன்பிடி நரம்பால் தைத்து, உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஒட்டிக் கொடுத்தான். ஓடத்தான் செய்தது. ஆனால் அன்று முதல் ரஹ்வா இறக்கம் என்றாலே பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போவாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் ஏற்றத்தில் தனியாகத் துரத்திப் பிடிப்பதற்குள் பந்தயமே முடிந்திருக்கும்.

அதனால்தான் அத்தையிடம் தொலைபேசியில் கேட்டாள். கேட்கும்போதே விளக்கமாகவும் சொன்னாள். டயரின் இரண்டு ஓரத்திலும் உள்ளே ஒரு வளையம் ஓடும்; ரிம்மைப் பிடித்துக்கொள்வது அதுதான். சிலவற்றில் அது எஃகுக் கம்பி. சிலவற்றில் கெட்டியான நூல். நூல் வைத்ததைச் சட்டை மாதிரி மடித்துப் பெட்டி மூலையில் செருகிவிடலாம், எடையும் குறைவு. கம்பி வைத்தது மலிவு, ஆனால் கனம். மடிக்கவும் கூடாது, கம்பி ஒடிந்து வளைந்துவிடும். "மடக்கு டயரா ஒண்ணே ஒண்ணு போதும் அத்தை. உங்க பெட்டியில இடமே பிடிக்காது" என்றாள்.

இப்போது பெட்டியிலிருந்து காபி கோப்பைகள் வந்தன, காலணிகள் வந்தன, யாரோ ஒருத்தியின் முழங்கால் வலிக்குத் தைலம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, சணல் கயிற்றால் பொட்டலம்போலக் கட்டிய டயர் வந்தது. கயிற்றை அவிழ்த்ததும் அது துள்ளிக்கொண்டு விரிந்தது. நூல் டயர் அப்படித் துள்ளாது. ரஹ்வா சுவரை விட்டுக் கிட்டத்தில் வந்தாள்.

"நூலை நம்பி உன்னை மலையில விடுவேனாடி நான்?" என்றாள் அத்தை. "கடைக்காரன் ரெண்டையும் எடுத்துப் போட்டான். ரப்பர் ஒண்ணுதான், கம்பெனி ஒண்ணுதான்னான். அப்ப கம்பி வச்சதே கொடுன்னுட்டேன். உறுதியா இருக்கும். சிவப்புக் கோடு வேற போட்டிருக்கு பாரு, லட்சணமா இல்ல?"

"பெட்டிக்குள்ள எப்படி வச்சீங்க அத்தை?"

"அதை ஏன் கேக்குற. மூடவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. நாலா மடிச்சு வச்சு, நானும் மாடி வீட்டு அம்மாவும் பெட்டி மேல ஏறி உக்காந்தோம். அந்தம்மா நல்ல கனம். அப்புறம் மூடிக்கிச்சு."

பெண்களெல்லாம் சிரித்தார்கள். ரஹ்வாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டயரின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். மடித்த இடங்களிலெல்லாம் கம்பி முழங்கை மாதிரி வளைந்து நின்றது.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லி, அத்தையின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

வேறென்ன சொல்வாள்? ரஹ்வாவின் அப்பா போன பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிந்தது இந்த அத்தையால்தான். ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகொடிந்து சம்பாதிக்கிறவள். ரஹ்வா ஓட்டுகிற சைக்கிளே அவள் வாங்கிக் கொடுத்ததுதான். அப்படிப்பட்டவள் கொண்டுவந்த பொருளை ஊர்ப் பெண்கள் முன்னால் நொட்டை சொல்ல எங்கள் ஊரில் எவளுக்கும் நாக்கு எழும்பாது.

சனிக்கிழமை காலை, அத்தை தேவாலயத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து முசே அந்த டயரை முன் சக்கரத்தில் மாட்டினான். முசே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனால் அவன் கை எப்போதும் கிரீஸ் மணக்கும். வளைந்த இடங்களை இடுக்கியால் நிமிர்த்திப் பார்த்தான். மாட்டி, காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டான். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஏறி ஏறி இறங்கியது.

"இது டயர் இல்ல, ஒட்டகம்" என்றான். "கழட்டிடலாம். அத்தைகிட்ட விஷயத்தைச் சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? நீங்க கொண்டுவந்தது குப்பைன்னா?"

"குப்பைன்னு யாரு சொல்லச் சொன்னா? வளைஞ்சிருக்குன்னு சொல்லு. வளைஞ்சுதானே இருக்கு."

"உனக்கென்ன, நீ மருமகன். உனக்கு ரெண்டு சட்டை வந்துச்சு, ரெண்டும் அளவா இருந்துச்சு" என்று சிடுசிடுத்தாள் ரஹ்வா.

முசே பழைய தையல் டயரையே திரும்ப மாட்டினான். சிவப்புக் கோட்டு டயர் கோழிக்கூண்டுக்கு மேலே ஆணியில் தொங்கியது.

அத்தை தேவாலயத்திலிருந்து வந்தவள், வெள்ளைப் போர்வையைக்கூடக் கழற்றாமல் நேரே முற்றத்துக்கு வந்தாள். கையில் தொலைபேசி. சைக்கிளைப் படமெடுத்து ஸ்வீடனில் மாடி வீட்டு அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். பெட்டி மேல் உட்கார்ந்த பங்கு அவளுக்கும் உண்டல்லவா. சைக்கிளைச் சுற்றி வந்தாள். முன்னால் குனிந்தாள்.

"சிவப்புக் கோட்டைக் காணோமே?"

"நாளைக்குக் காலையிலதான் மாட்டணும் அத்தை. புதுசு அழுக்காயிடும்" என்றாள் ரஹ்வா. பொய் அவ்வளவு வழவழப்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அதுவும் சரிதான். நாளைக்கு நான் முன்வரிசையில நிப்பேன். கூட்டத்துல உன் மூஞ்சி தெரியாட்டியும் என் சிவப்புக் கோடு தெரியும்" என்று சொல்லிவிட்டு, அத்தை சந்தோஷமாகக் காபி வறுக்க உள்ளே போனாள்.

முசே ரஹ்வாவைப் பார்த்தான். ரஹ்வா ஆணியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் செய்ததற்குப் பெயர் மரியாதை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் முட்டாள்தனம் என்பேன். ஆணியிலிருந்து அந்த டயரை எடுத்து அவளே மாட்டினாள். காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்தால் வளைவு தானாக நிமிர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முசே தடுக்கத் தடுக்க வெளியே தள்ளிக்கொண்டு போய், வீட்டுக்குக் கீழே இருக்கும் சரிவில் விட்டுப் பார்த்தாள்.

பாதிச் சரிவு வரை சைக்கிள் துள்ளிக்கொண்டு போனது. அதற்கப்புறம், ஓரம் ரிம்மை விட்டுப் பிதுங்கி, டியூப் வெளியே வந்து, பட்டாசு மாதிரி வெடித்தது. ரஹ்வா ரொட்டிக் கடைச் சுவரில் தோளை இடித்துக்கொண்டு விழுந்தாள்.

நல்ல வேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை தோலுரிந்து ரத்தம் வழிய, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது, வழக்கப்படி வறுத்த காபிக் கொட்டையின் புகையை எல்லோருக்கும் முகரக் காட்ட அத்தை சட்டியோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். ரிம்மை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த டயரைப் பார்த்தாள். சட்டியைத் தரையில் வைத்தாள்.

"என்னடி இது?"

இனி மறைக்க வழியில்லை. ரஹ்வா எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டிக்குள் மடித்ததில் கம்பி வளைந்தது, வெள்ளிக்கிழமையே அது தெரிந்தது, தெரிந்தும் சொல்லாதது, எல்லாம். சொல்லிக்கொண்டு வரும்போதே அழுகை வந்துவிட்டது.

அத்தை கத்துவாள் என்று முசே எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. தன் போர்வை நுனியால் ரஹ்வாவின் முழங்கையைத் துடைத்தபடி மெதுவாகத்தான் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

"அங்க கிழவன் கிழவிங்களைக் குளிப்பாட்டுறேன். யாரு விழுந்தாலும் முதல்ல என்னைத்தான் கேப்பாங்க, எப்படி விழுந்தாங்கன்னு. நாளைக்கு நீ மலையில விழுந்திருந்தா உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் மனசு நோகும்னு உன் மண்டையை உடைச்சுக்கப் பார்த்தியே, இதைவிட என் மனசை நோகடிக்க வேற வழி இருக்கா?"

"தப்புதான் அத்தை."

"தப்புதான். மடையச்சி." முழங்கையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ரஹ்வாவுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. "சரி, இப்ப அதைக் கொண்டு என்ன பண்றது? நிமிர்த்த முடியாதா?"

"கம்பி ஒருதரம் ஒடிஞ்சு வளைஞ்சா அவ்வளவுதான் அத்தை" என்றான் முசே. "வளையாம முழு வட்டமா வந்திருந்தா இதுவே அருமையான டயர். கொஞ்சம் கனம், அவ்வளவுதான். புடிப்புல நூல் டயருக்கு எந்த வகையிலயும் குறைஞ்சதில்ல."

அத்தை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "முழு வட்டமா வந்திருந்தாவா?"

"ஆமா."

அத்தையின் முகம் சிவந்தது. ஏதோ திருடி அகப்பட்டவள் மாதிரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில், குளிருக்குப் போட்டுக்கொண்டு வந்த கறுப்புக் கோட்டு இருந்தது. கோட்டுக்கு உள்ளே, சிவப்புக் கோடு போட்ட இன்னொரு டயர்.

"நூல் வச்சது ஒண்ணு வாங்குற விலைக்குக் கம்பி வச்சது ரெண்டு கிடைச்சுது. விடுவேனா? ரெண்டு வாங்கிட்டேன். பெட்டியில ஒண்ணுக்குத்தான் இடம். எடை வேற ஏறிப்போச்சு. உடம்புல போட்டுக்கிட்டு வர்றதை யாரும் நிறுத்துப் பார்க்க மாட்டாங்களேன்னு, தோள்ல குறுக்கா மாட்டி மேல கோட்டைப் போட்டுக்கிட்டேன்."

எங்கள் ஆட்கள் விமானத்தில் மூன்று கோட்டு, இரண்டு பாவாடை போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறோம். டயர் உடுத்தி வந்தது லெத்தே அத்தை ஒருத்திதான்.

"விமானம் மாறுற இடத்துல ஒரு காவக்காரன் கண்டுபிடிச்சுட்டான்" என்று தொடர்ந்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "எல்லார் முன்னாலயும் கோட்டைக் கழட்டச் சொன்னான். வரிசையே சிரிச்சுது. அவனும் சிரிச்சுட்டு, மாட்டிக்கிட்டே போங்கன்னு விட்டுட்டான். வீடு வந்து சேர்ற வரைக்கும் என் வேர்வையெல்லாம் இதுல. உடுத்திக் கழட்டினதை எப்படிடி பரிசுன்னு நீட்டுறது? அதான் கட்டு பிரிக்காத நல்லதை உனக்குக் கொடுத்துட்டு, இதை ஒளிச்சு வச்சுட்டேன்."

ரஹ்வா டயரை வாங்கினாள். ஓரத்தில் விரலை ஓட்டினாள். ஒரு முழுச் சுற்றும் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு வளைவில்லை, ஒரு நெளிவில்லை. அத்தையின் உடம்பைச் சுற்றி, கடலும் கண்டமும் தாண்டி, அது வட்டம் குலையாமல் வந்து சேர்ந்திருந்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முசேவாலும் அடக்க முடியவில்லை. அத்தை முதலில் முறைத்தாள், அப்புறம் அவளும் கண்ணில் நீர் வர வர சிரித்தாள். காபிக் கொட்டை சட்டியின் சூட்டிலேயே தீய்ந்துபோயிருந்தது. புதிதாக வறுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் டயரை மாட்டும்போது முசே கடைசியாக ஒருமுறை யோசனை சொன்னான். வாத்தியார் புத்தி போகுமா? "ஏத்தத்துக்கு எடை குறைஞ்சதுதான் நல்லது. வின்தா ரெண்டு சக்கரத்துலயும் மடக்கு டயர்தான் போட்டிருக்கா. உன் பழசும் மடக்குதான். அதுல தையலை இன்னும் ரெண்டு வரி பலப்படுத்தித் தரவா?"

வின்தாவை மலையேற்றத்தில் ஜெயித்தவர்கள் யாருமில்லை. ரஹ்வா இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையில் புது டயர், இன்னொரு கையில் தையல் போட்ட பழையது. எடை வித்தியாசம் கைக்கே தெரிந்தது.

"ஏத்தத்துல எனக்கு எப்பவும் பயமில்ல" என்றாள். "நான் தோக்கறது இறக்கத்துல. கம்பியே போகட்டும்."

பழைய டயரை அவள் மளமளவென்று மடித்து, உள்ளங்கையளவாகச் சுருட்டி, பந்தயச் சட்டையின் முதுகுப் பையில் செருகிப் பார்த்தாள். ஏழைக் குழுவுக்குப் பின்னால் உதிரிச் சாமான் ஏற்றிக்கொண்டு வண்டியா வரும்? உதிரியை அவளேதான் சுமக்க வேண்டும். அத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இது என் கைப்பையிலயே வந்திருக்குமே."

"அதைத்தான் அத்தை தொலைபேசியில அரைமணி நேரம் சொன்னேன்."

"நீ சொன்னே. நான் விலையைக் கேட்டதும் காது அடைச்சுப் போச்சு" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் நல்ல வெயில். இறங்கும் வழியில், அர்பரோபா வளைவுகளுக்குக் கீழே மட்டும் கடலிலிருந்து ஏறிவந்த மேகம் நின்றது. மதில் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் சைக்கிள்கள் சீறிப் போவதைத் தலை திருப்பிப் பார்த்தன. முதல் வளைவில் ரஹ்வாவின் விரல் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது. முன்னால் சிவப்புக் கோடு ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு துள்ளல் இல்லை. விமான நிலையத்தில் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வரிசை முன்னால் நின்ற அத்தை அவள் நினைப்பில் வந்தாள். விரலை எடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் பிரேக்கைத் தொட்டதெல்லாம் தொட வேண்டிய இடத்தில் மட்டும்தான். போன வருடம் விழுந்த வளைவைக் கடந்த பிறகுதான் அது எந்த வளைவு என்று ஞாபகம் வந்தது. நெஃபாசித்தில் திரும்பும்போது அவளுக்குப் பின்னால் சாலை காலியாக இருந்தது. ஒரு வருடமாக அவள் பார்க்காத காட்சி அது.

ஏற்றம் அவளைச் சும்மா விடவில்லை. முன் சக்கரம் அம்மிக்கல்லாகக் கனத்தது. பையிலிருந்த உதிரி டயரைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று தோன்றியது; மனம் வரவில்லை. எங்கள் ஊரில் டயரைத் தூக்கியெறிந்தவள் என்று பெயர் வாங்குவதைவிடத் தோற்றவள் என்று பெயர் வாங்கலாம். ஒவ்வொரு வளைவிலும் கீழே பார்த்தாள். வின்தாவின் மஞ்சள் தொப்பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. ஊர் எல்லையை நெருங்கும்போது அவளுடைய மூச்சுச் சத்தமே கேட்டது. இறக்கத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் ரஹ்வா ஏற்றத்தில் செலவழித்துக்கொண்டிருந்தாள். முடிவுக் கோடு வந்தபோது அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டு சைக்கிள் நீளம் இருக்கும்.

போதும். அணியின் கடைசி இடம் அவளுடையது.

கூட்டம் குலவையிட்டது. வின்தா வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி அவள் தோளில் தன் தோளை இடித்து வாழ்த்தினாள். "இறக்கத்துல உனக்கு யாருடி தைரியம் கொடுத்தது?" என்று கேட்டாள். ரஹ்வா மூச்சு வாங்கிக்கொண்டே கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். முசே சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு கூடை பொரியோடு. வந்தவள் முதலில் ரஹ்வாவைத் தொடவில்லை. குனிந்து முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே நிமிர்ந்தாள்.

"உண்மையைச் சொல்லு. கனமா இருந்துச்சா?"

'இல்லை அத்தை' என்பது பழக்கத்தில் ரஹ்வாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"இருந்துச்சு அத்தை. ஏத்தத்துல உயிரே போச்சு. அடுத்த தடவை மடக்கு டயரே வாங்கிட்டு வாங்க."

சுற்றி நின்ற பெண்கள் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை, ரஹ்வாவின் முதுகுப் பையில் கைவிட்டு அந்தப் பழைய தையல் டயரை எடுத்தாள். அவள் காட்டியபடியே இன்னும் கச்சிதமாக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"அளவுக்கு வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்த பொரி முழுவதையும் அவள் தலையில் கொட்டினாள்.